சமூக உளநல சேவையும் அரசின் ஒழுங்குவிதிகளும்: இத்தாலிய அனுபவம் பற்றிய சில சிந்தனைகள்

உளநோயாளர் பராமரிப்புப் பற்றிய சட்டங்களும், அப்பராமரிப்பில் ஈடுபடுவோருக்கான பயிற்சி விதிகளும் வைத்தியர்களுக்கும் நிருவாகிகளுக்கும் மாத்திரமே உரிய விடயங்கள் என்பது பொதுவான எண்ணம். இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் அவை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், ஒரு சமூகம் யாரைத் தன் வரம்புக்குப் புறத்தே நிறுத்துகின்றது, அவ்வாறு நிறுத்தப்பட்டோரை எவரிடம் எத்தகைய விதிகளுடன் ஒப்படைக்கின்றது என்பன அடிப்படையிற் கருத்தியல் சார்ந்த வினாக்களாகும். இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பிய நாடுகளுள் இத்தாலி முக்கியமானது. 1904 முதல் 1999 வரை அங்கு நிகழ்ந்த சட்ட மாற்றங்களை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1904ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம், தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்றோ பொது ஒழுக்கத்துக்கு இழுக்கானவர் என்றோ கருதப்பட்ட மனநோயாளரை விடுதிகளில் அடைக்க வழிசெய்தது. இச்சட்டத்தில் நோயைவிட ஆபத்தே முதன்மை பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. பின்னர், விடுதியில் அடைக்கப்பட்ட செய்தி குற்றங்கள் பதியப்படும் ஏட்டிலேயே பதியப்படலாயிற்று. 1909ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் விடுதித் தாதியரிடம் எதிர்பார்த்த தகைமைகளுள் உடல் வலிமை, நன்னடத்தை, எழுத வாசிக்கத் தெரிந்திருத்தல் என்பன முக்கியமானவை. நோயாளர் காவலில் தவறிழைப்பதும், ஒருவர் தப்பியோடியதை அறிவியாது விடுவதும் 1930ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின்படி தண்டிக்கத்தக்கன. எனவே கதவைத் திறந்து வைக்கும் தாதி தன் வேலையையும் விடுதலையையும் பணயம் வைத்தே அதனைச் செய்யவேண்டியிருந்தது. தாதியை உருவாக்கியது பயிற்சி நெறியன்று. தண்டனை பற்றிய அச்சமே. பொது விடுதிகளில் அடைபட்டோர் பெரும்பாலும் வறியோர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். வசதி படைத்தோருக்குத் தனியார் சிகிச்சை நிலையங்கள் இருந்தன.

1968ஆம் ஆண்டின் 431ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையைச் சீர்திருத்த முயன்றது. சுயவிருப்பின் பேரில் அனுமதி பெறும் உரிமையை அது வழங்கியது. குற்றப் பதிவேட்டில் பெயர் பதியும் முறையை ஒழித்தது. ஒரு பிரிவில் 125 கட்டில்களுக்கு மேல் இருத்தலாகாது எனவும், மூன்று கட்டில்களுக்கு ஒரு தாதி வேண்டும் எனவும் அளவுகளை விதித்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயினும் விடுதி விடுதியாகவே இருந்தது. எண்ணிக்கை மாறியது; உறவு மாறவில்லை.

அவ்வுறவை மாற்ற முனைந்தவர் பிராங்கோ பசாலியா (1924-1980). 1961இல் கொரிற்சியா நகர விடுதியின் பணிப்பாளரான அவர், நோயாளரும் ஊழியரும் சமமாக அமர்ந்து விவாதிக்கும் கூட்டங்களை நடைமுறைப்படுத்தினார். 1971இல் திரியெஸ்தே விடுதியைப் பொறுப்பேற்றபோது அங்கு ஏறத்தாழ 1200 பேர் இருந்தனர். சிகிச்சை என்ற பெயரில் அவர்களிடமிருந்து பெறப்பட்டுவந்த உழைப்பு, 1972இல் அமைக்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகக் கூலி பெறும் தொழிலாயிற்று. நோயாளி தொழிலாளியாக அங்கீகரிக்கப்பட்டமை எந்த மருந்தினும் குறைந்த விடயமன்று. 1973இல் நாடகாசிரியர் ஜூலியானோ ஸ்காபியா முதலிய கலைஞரும் நோயாளரும் சேர்ந்து, விடுதியில் சலவை வண்டி இழுத்த குதிரையின் நினைவாக, மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரியதொரு நீலக் குதிரையைச் செய்தனர். அது வாயிலினூடாகச் செல்ல முடியாத அளவு பெரிதாயிருந்தமையால் தடையை உடைத்தே வெளியே கொண்டுசெல்லப்பட்டது. கலையும் சமூக நடைமுறையும் ஒன்றுபட்ட அரிய தருணம் இதுவெனலாம்.

பசாலியாவும் அவர் துணைவியார் பிராங்கா ஒங்காரோவும் கிராம்சியின் சிந்தனையிலிருந்து பெற்றுக்கொண்டது முக்கியமானது. வைத்தியர், தாதியர், சமூக சேவையாளர் ஆகியோர் வெறும் தொழில்நுட்பவியலாளர் அல்லர். ஆளும் வர்க்கத்துக்கான சம்மதத்தை அன்றாடம் உற்பத்தி செய்வோருமாவர். ஆதலால் அவர்தம் பயிற்சி, தமது பணி யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். இதன் பொருள் நோயே இல்லை என்பதன்று. நோயாளி என்ற முத்திரையை ஒருபுறம் வைத்து மனிதரை முதலிற் காண்பதே அவர்கள் வேண்டியது.

1904ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கக்கோரும் பொதுசன வாக்கெடுப்பு நெருங்கிய நிலையில், 1978 மே 13இல் 180ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. புதிய விடுதிகள் கட்டுவதை அது தடைசெய்தது. கட்டாய சிகிச்சைக்கு இரு வைத்தியரின் கருத்தும் நகர முதல்வரின் கட்டளையும் தேவையாயின. 48 மணித்தியாலத்துள் நீதிபதிக்கு அறிவித்தலும் வேண்டும். பொது வைத்தியசாலைகளில் அமையும் உளநோய்ப் பிரிவுகளில் 15 கட்டில்களுக்கு மேல் இருத்தலாகாது. 'ஆபத்து' என்ற சொல் சட்டத்திலிருந்து மறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இவ்விதிகள் தேசிய சுகாதார சேவைச் சட்டத்துள் அடங்கின.

எனினும் இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. எவை இருத்தலாகாது என்பதைத் தெளிவாகக் கூறிய சட்டம், அவற்றினிடத்தில் எவை எத்துணை இருத்தல் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிரதேச அரசுகளிடம் விட்டது. திரியெஸ்தேயில் இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்கும் நிலையங்கள் எழுந்தன. வேறு பல பகுதிகளில், சிறப்பாகத் தெற்கில், சேவைகள் மிக மெதுவாகவே வளர்ந்தன. அவ்விடைவெளியை நிரப்பியது குடும்பம், குடும்பத்துள் பெண். தாயும் மனைவியும் சகோதரியும் ஊதியமும் பயிற்சியும் இன்றி அரசு செய்யாத வேலையைச் செய்தனர். 'சமூகம்' என்ற இனிய சொல்லின் பின்னே பெண்ணின் கூலியற்ற உழைப்பு மறைந்து நின்றது. 1983இல் செனற்சபைக்குத் தெரிவான பிராங்கா ஒங்காரோ சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளுக்காகப் போராடியதன் பின்னணி இதுவே.

சேவைகளுக்கான தேசியத் திட்டம் 1994இலேயே வெளிவந்தது. சட்டம் பிறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1999இல் வெளிவந்த அடுத்த திட்டம் 1500 மக்களுக்கு ஓர் ஊழியர் என்ற அளவையும், உளநலத் திணைக்களம் என்ற ஒருங்கிணைந்த அமைப்பையும் வலியுறுத்தியது. எஞ்சிய விடுதிகளும் அந்நூற்றாண்டின் இறுதியளவில் மூடப்பட்டன.

இவ்வனுபவத்திலிருந்து நாம் பெறும் முடிவு இரண்டு முனைகளைக் கொண்டது. ஆளணியும் நிதியும் அளவு குறித்து விதிக்கப்படாத விடுதலை, வறியோரைப் பொறுத்தவரை கைவிடப்படுதலாகவே முடியும். அளவுகள் மட்டும் விதிக்கப்பட்டு ஊழியரின் நோக்கு மாறாதவிடத்து, மதிலில்லாத விடுதியே மிஞ்சும். ஆகவே ஓர் உளநலச் சட்டத்தை மதிப்பிடும்போது அது நோயாளியைப் பற்றி என்ன கூறுகிறது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் ஊழியர் யார், அவருக்கு என்ன கற்பிக்கப்பட்டுள்ளது, அவர் வராத நாளில் அவ்வேலையை யார் செய்கிறார் என்பனவற்றையும் கேட்டாக வேண்டும்.