காற்றிலிருந்து விழும் உரம்!

ஒரு கயிறு. அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு. படகிலிருந்து அதை மெள்ளத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் அன்றைக்கு ஏரியின் தெளிவு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா - நெவாடா எல்லையில், மலைகளுக்கு நடுவே இருக்கும் தாஹோ ஏரியில் பல வருடங்களாக இப்படித்தான் அளக்கிறார்கள். 1968-ல் ஆண்டுச் சராசரி 31 மீட்டர். பத்து மாடி உயரம்! 2017-ல் அது சுமார் 18 மீட்டராகச் சுருங்கிவிட்டது.

இத்தனைக்கும் அங்கிருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. கழிவுநீர் கலந்தால் பாசி பிடிக்கும் என்று, 1960-களின் கடைசியிலேயே அதைக் குழாய் வழியாக மலைக்கு அப்பால் கொண்டுபோகத் தொடங்கினார்கள். ஆனால், தரைவழியை அடைத்தால் போதுமா? வானம் திறந்தல்லவா கிடக்கிறது!

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். பெரும்பாலான பாசிகளால் அதை அப்படியே சாப்பிட முடியாது. கார், லாரி எஞ்சின்களின் சூட்டில் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது. மழையோடும் பனியோடும், மழையில்லாத நாளில் தூசியோடும் ஏரியில் விழுகிறது. நம் விவசாயிகள் யூரியாவாகப் போடும் அதே தழைச்சத்து! தாஹோவின் நீர்ப்பரப்பு மட்டுமே 490 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதனால், ஏரிக்கு வந்து சேரும் நைட்ரஜனில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்துதான் வருகிறது.

இதன் விளைவு, ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. ஆரம்பத்தில் தழைச்சத்தைச் சேர்த்தால் நுண்பாசி வளர்ந்தது. 1980-களிலோ அதற்கு அவ்வளவாக மசியவில்லை; மணிச்சத்தான பாஸ்பரஸைச் சேர்த்தால்தான் பெருகியது. தழைச்சத்தில் வயிறு நிறைந்துவிட்டது, மணிச்சத்துக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். நார்வே, ஸ்வீடன் ஏரிகளிலும், அமெரிக்காவின் கொலராடோ மலை ஏரிகளிலும் இதே மாற்றத்தை 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்கள் அதிகம் குடியிருக்காத இடங்களிலும்கூட!

தாஹோவுக்கு அந்த மணிச்சத்தைக் கொண்டுவருவது மண்ணரிப்பும் சாலைத் தூசியும். பழியெல்லாம் பாசிக்கு மட்டும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்கள்தான் தெளிவை அதிகம் கெடுக்கின்றன. ஆக, சாலையில் ஓடும் வண்டி புகையாலும் கெடுக்கிறது, தூசியாலும் கெடுக்கிறது.

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற ட்ரக்கி என்ற ஒரே ஆறுதான் வழி. உள்ளே வரும் தண்ணீர் சராசரியாகச் சுமார் 650 வருடங்கள் அங்கேயே தங்குகிறது.