போஸின் அலையும் மெய்நிகர் அலுவலகமும்

1895ஆம் ஆண்டு. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில் ஜகதீச சந்திர போஸ் தன் கருவியை முடுக்குகிறார். நடுவே இரண்டு சுவர்கள். அவற்றுக்கு அப்பால், 23 மீட்டர் தள்ளி, மணி அடிக்கிறது. கொஞ்சம் வெடிமருந்தும் வெடிக்கிறது. கம்பி கிடையாது. மணியைத் தொட்டவரும் கிடையாது.

மணியை அடித்த அந்த மின்காந்த அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். நொடிக்கு 6,000 கோடி அதிர்வுகள். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். இவ்வளவு குட்டையான அலையை ஆராய அன்று கடையில் கருவி வாங்க முடியாது. கைக்குக் கிடைத்ததை வைத்தே போஸ் சமாளித்தார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தாளைச் செருகி, ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுத்தார். அந்தத் திசையைத் திருப்பிப் பார்க்கச் சணலை முறுக்கி வைத்தார்.

2018இல் அதே 60 கிகாஹெர்ட்ஸ் அலை, மெய்நிகர் உலகத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகும் ஹெட்செட்டுக்கு வந்து சேர்ந்தது. எச்டிசி வைவ் ஹெட்செட்டைக் கணினியோடு பிணைத்திருந்த கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை இந்த அலையிடம் ஒப்படைத்தார்கள். காரணம் எளிய பெருக்கல் கணக்கு. இரு கண்களுக்கும் சேர்த்து 2160 × 1200 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட் நிறம், நொடிக்கு 90 படங்கள். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 560 கோடி பிட். அதற்கு இதுபோல அகலமான அலைவரிசை வேண்டும்.

போஸ் சுவருக்கு அப்பால் அனுப்பியது ஒரு சைகையை மட்டும். ஹெட்செட் ஆளையே அனுப்பப் பார்க்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணும் காதும் முரண்டு பிடித்தால்

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மெய்நிகர் கோப்பு மிதப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்க இரு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்பும். ஆனால் கண்ணின் வில்லை குவிய வேண்டிய இடம், ஹெட்செட்டின் லென்ஸ் நிர்ணயித்திருக்கும் வேறொரு தூரம். ஒரே பொருளுக்கு இரண்டு தூரங்கள் என்றால் கண் களைத்துப்போகும். தலையைத் திருப்பினால் சுமார் 20 மில்லிநொடிக்குள் படமும் திரும்பியாக வேண்டும். தாமதமானால் கண் ஒன்று சொல்ல, உட்காது வேறொன்று சொல்ல, வயிறு குமட்டும்.

ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அலுவலக வேலையிலேயே சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். 16 பேர் ஒரு வாரம், ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஹெட்செட் மாட்டிக்கொண்டு தங்கள் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள். இன்னொரு வாரம் சாதாரண மேசையில். ஹெட்செட் வாரத்தில் எரிச்சல் 42 சதவீதம் கூடியது, கண் வலித்தது. இவர்களைத் தவிர இன்னும் இருவர், ஒற்றைத் தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகளால் முதல் நாளே விலகிக்கொண்டார்கள்.

கொல்கத்தா சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கணினி முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் சென்னை சிறுசேரியில் இருப்பவருக்கும் இந்தக் கண்தான், இந்தக் காதுதான். நடுவில் எழுந்து போய் ஒரு மண்குவளை டீ குடித்துவிட்டு வருவதை ஹெட்செட்டுக்குள் அடக்க முடியாது.

எதற்கு உதவும்?

அதற்காக ஹெட்செட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அக்செஞ்சர் நிறுவனம் 2021இல் 60,000 ஹெட்செட்டுகளை வாங்குவதாக அறிவித்தது. புதிதாகச் சேர்பவர்களை அலுவலகத்துக்குப் பழக்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. தீயணைப்பு, வெல்டிங், அறுவை சிகிச்சை போன்றவற்றில் தப்புச் செய்து கற்றுக்கொள்ள இதைவிடப் பத்திரமான இடம் இல்லை. நெருப்பு சுடாது, இரும்பு வீணாகாது, நோயாளிக்கு ஆபத்தில்லை. அரை மணி நேரப் பயிற்சிக்கு இது அருமையான கருவி. எட்டு மணி நேர நாற்காலிக்கு மாற்றாக இன்னும் தேறவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹெட்செட் நம் தலை, கை அசைவுகளை ஓயாமல் அளக்கிறது. அளந்தால்தான் படம் ஓடும். 2023இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்நிகர் விளையாட்டு ஒன்றை ஆடிய 50,000க்கும் மேற்பட்டவர்களின் அசைவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வெறும் 100 நொடி அசைவை வைத்தே, ஆடியவர் யார் என்பதை 94 சதவீதத் துல்லியத்தோடு கணினி சொல்லிவிட்டது. பெயரை மறைத்தாலும், தலையாட்டும் விதம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. நாளை உங்கள் அலுவலகமும் ஒரு ஹெட்செட்டை நீட்டலாம். சட்டம் இருந்தாலும், மாட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? என் அசைவுப் பதிவு யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும்? வேண்டாம் என்றால் என் வேலைக்குப் பாதிப்பு வருமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.