“எனக்கு மட்டும் ஏன்?” சித்தி கேட்ட கேள்வி

என் சித்திக்கு லூபஸ் நோய். பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு அவருக்குத் தொடை இடுக்கில் வலி தொடங்கியது. தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டோம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்த எம்ஆர்ஐ படத்தில்தான் உண்மை தெரிந்தது. தொடை எலும்பின் தலைப்பகுதி, ரத்த ஓட்டம் இல்லாமல் இறந்துகொண்டிருந்தது.

“இதே மருந்தை எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டார் சித்தி. உயிரியல் படிக்கும் என்னிடம் பதில் இல்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இடுப்பு மூட்டில், கிண்ணத்துக்குள் பந்து பொருந்தியதுபோல் தொடை எலும்பின் தலை அமர்ந்திருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் மெல்லியவை. அவை அடைபட்டால் மாற்றுவழியும் குறைவு. எலும்பு அணுக்கள் இறந்தபின், உடல் எடையைத் தாங்க முடியாமல் அந்தத் தலை நொறுங்கித் தட்டையாகிவிடலாம். எலும்பு முறிவு, அதிக அளவு ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய மது ஆகியவை முக்கியக் காரணங்கள். 2003ல் சார்ஸ் கண்டு ஸ்டீராய்டு சிகிச்சை பெற்ற ஹாங்காங், பெய்ஜிங் நோயாளிகள் பலருக்குப் பின்னர் இந்தப் பாதிப்பு ஏற்பட்டது. ஆனால், எல்லாருக்கும் ஏற்படவில்லை.

இங்கேதான் மரபணு வருகிறது. தைவானில் சில குடும்பங்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. குருத்தெலும்புக்கு வலுவூட்டும் இரண்டாம் வகை கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பதை ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்டனர். கொலாஜன் இழையில் கிளைசின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் செரின் அமர்ந்திருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. அரிவாள் அணு ரத்தசோகையும் ஒரு மரபணுப் பிழையால் வருவதுதான். வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய நாளங்களை அடைத்து இடுப்பெலும்பைப் பாதிக்கின்றன.

பெரும்பாலோருக்கு ஒரே மரபணுவைக் கைகாட்ட முடியாது. ரத்தம் உறைவதிலும் உடல் மருந்தைக் கையாள்வதிலும் உள்ள சிறு வேறுபாடுகள் சேர்ந்து ஆபத்தைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் கருதுகின்றன.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பயந்து மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக்கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலி நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இடுப்பு மூட்டுப் பிரச்சினை இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சித்திக்கு அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அவர் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. “இது உங்கள் தவறு இல்லை, சித்தி,” என்று மட்டும் இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.