குறிஞ்சி காணச் சென்றேன்

"ஐயா, குறிஞ்சிப் பூவைத் தாங்கள் கண்டதுண்டோ?" என்று மாணவனொருவன் வகுப்பில் வினவினான். முப்பது ஆண்டுகளாகக் குறிஞ்சித்திணை கற்பித்து வரும் யான், விடை கூறவியலாது நாணினேன். அந்நாணமே என்னைக் கேரளத்து இடுக்கி மாவட்டத்துக்கு இட்டுச் சென்றது. பன்னீராண்டுக்கு ஒருமுறையே நீலக்குறிஞ்சி மலரும் என்பதறிந்தும், செடியையேனும் காண்போமெனத் துணிந்தேன்.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 97 சதுர கிலோமீற்றர். தென்னிந்தியாவின் மிகவுயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீற்றர் ஓங்கி, ஆங்கே முகில் சூடி நிற்கின்றது. இராசமலைச் சரிவில் வரையாடுகள் மாந்தரை அஞ்சாது மேய்ந்தன. சங்கச் சான்றோர் வருடை என்றது இதனையே என்பர். ஏட்டிற் கற்பித்த சொல் எதிரே நின்று புல் மேயக் கண்டு உளமுருகினேன்.

அருகே, புல்லிடையே, பூவற்ற பசுஞ்செடிகள் செறிந்திருந்தன. வழிகாட்டி, "இதுவே குறிஞ்சி" என்றார். 2018இல் மலர்ந்த செடிகள் விதை உதிர்த்து மடிந்தன. இவை அவற்றின் வழித்தோன்றல்கள். அடுத்த மலர்ச்சி 2030இல் எதிர்பார்க்கப்படுகின்றது. அப்பொழுது யான் ஓய்வு பெற்றிருப்பேன்.

மீண்டு வந்து அம்மாணவனை அழைத்து, "தம்பி, யான் செடியைக் கண்டேன், பூவை நீ காண்பாயாக" என்றேன்.