வண்டலூர் ஹெரால்டுக்குக் குளிர்பதனம்

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

ஏ.சி.யைக் ‘குளிர் உண்டாக்கும் பெட்டி’ என்று சொல்வது நம்மிடையே வழக்கம். ஆனால் இயற்பியலில் குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஓரிடத்து வெப்பத்தை அள்ளி வேறோரிடத்தில் கொட்டுவதே குளிர்பதனம். அள்ளுவது எளிது; கொட்டுவதுதான் கடினம். பழைய காருக்கு ஏ.சி. வைப்போர் பலர் இதை எண்ணுவதில்லை. டாஷ்போர்டின் கீழுள்ள பெட்டியை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

செங்கற்பட்டில் என் தாய்மாமன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் நான் அங்கே எடுபிடி. சென்ற கோடையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. நம் மாவட்டத்து வண்டலூரிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி அது. இத்தாலியரான மிச்செலோட்டி அதன் வடிவத்தை வரைந்தார். இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அவர் வரைந்த வேறு உடலைப் பொருத்தி, 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். ஆகவே நம் ஹெரால்டை ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் எனலாம். தம்பிக்குக் கிடைத்த புகழ் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை!

வண்டிக்குரியவர் மாமல்லபுரத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மனைவி இதய நோயாளி; மாதம் இருமுறை செங்கற்பட்டுக்கு மருத்துவரிடம் வரவேண்டும். வெயில் அவருக்கு ஆகாது. 1980-களில் யாரோ பொருத்திய ஏ.சி. வண்டியில் இருந்தது. “ஏசியைப் போட்டா இஞ்சின் கொதிக்குது தம்பி, இஞ்சினைக் காப்பாத்தினா ஏசி நிக்குது. இந்தத் தடவை சரியாகலேன்னா வித்துடறேன்” என்றார். மாமா, “முன்பக்கத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பழைய ஏ.சி. ஆர்-12 என்னும் வாயுவுக்காக அமைந்தது. நச்சில்லாதது, தீப்பற்றாதது என்று உலகமே கொண்டாடிய வாயு. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் விளக்கினர். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 2010-க்குள் இந்தியாவிலும் அதன் உற்பத்தி நின்றது. இன்று அதன் இடத்தில் போடுவது குளோரின் இல்லாத ஆர்-134ஏ. அதுவும் புவியின் வெப்பத்தைக் கூட்டும் வாயுதான்; காற்றில் விடலாகாது.

வாயுவை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. ஆர்-12-உடன் ஓடிய கனிம எண்ணெய் ஆர்-134ஏ-யில் கரைவதில்லை. கம்ப்ரசருக்குத் திரும்பாத எண்ணெயால் கம்ப்ரசர் வறண்டு தேயும். ஆகவே குழாய்களைக் கழுவி வேறுவகை எண்ணெய் ஊற்றவேண்டும். பழைய ரப்பர் குழாய்களின் வழியே இவ்வாயு மெல்லக் கசியும். உள்ளே நைலான் படலமிட்ட குழாய்கள் தேவை. ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போடவேண்டும்.

இனி முன்பக்கத்துக்கு வருவோம். கன்டென்சரில் 60 டிகிரி செல்சியசில் ஆர்-12 திரவமாவதற்கு வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு அழுத்தம் போதும். ஆர்-134ஏ-க்கு ஏறக்குறைய 17 மடங்கு வேண்டும். கொட்டுமிடம் சிறிதானால் வெப்பநிலை இன்னும் ஏறும், அழுத்தமும் ஏறும், 948 கன சென்டிமீட்டர் கொண்ட சிறு இஞ்சின் திணறும். போதாக்குறைக்குக் கன்டென்சரைத் தொட்டு வந்த சூடான காற்றே ரேடியேட்டருக்கும் போகிறது. ஆசிரியர் சொன்ன நோய்க்குக் காரணம் இதுதான். பழைய கன்டென்சரை நீக்கி, தட்டையான நுண்குழாய்கள் பல அடுக்கிய புதுவகைக் கன்டென்சரை மாமா பொருத்தினார். அதன் முன்னே ஒரு மின்விசிறி. வண்டி ஓடும்போது காற்று தானே வரும். பேருந்து நிலையத்து நெரிசலில் நிற்கும்போது விசிறிதான் கதி.

விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே! பழைய டைனமோ முழு வேகத்தில் தருவதே 20 ஆம்பியர் அளவுதான். நின்று ஓடும்போது அநேகமாக ஒன்றும் தராது. விசிறி, புளோயர், கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச் ஆகிய மூன்றுமே அதை விழுங்கிவிடும். ஆல்டர்னேட்டர் வைத்தாக வேண்டும். இரட்டைப் பிஸ்டன் கம்ப்ரசருக்குப் பதிலாகச் சிறிய ரோட்டரி வகையும் வந்தது.

செலவைக் கேட்ட ஆசிரியரின் உறவினர் ஒருவர், சமையல் வாயுவை ஏற்றினாலே குளிருமாமே என்றார். குளிரும் என்பது பொய்யன்று. அதிலுள்ள புரோப்பேன் நல்ல குளிரூட்டிதான். ஆனால் காரின் கூலிங் காயில் இருப்பது பயணிகளின் காலடியில். அது கசிந்தால் கண்ணாடி மூடிய அறைக்குள் எரிவாயு நிரம்பும். பிறகு ஒரு தீப்பொறி போதும். மாமா திட்டவட்டமாக மறுத்துவிட்டார்.

கடற்கரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. செங்கற்பட்டின் மே மாத வெயில் பெரும்பாலும் வறண்டது. மாமல்லபுரத்துக் காற்றிலோ நீராவி மிகுதி. ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அந்நீராவியையும் நீராக்கவேண்டும். ஒரு லிட்டர் நீரைப் பிழிய ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பத்தை நீக்கவேண்டும். ஒரு டன் ஏ.சி.க்கு, அதாவது 3.5 கிலோவாட் திறனுக்கு, அது 12 நிமிட உழைப்பு. கண்ணாடியை இறக்கிவிட்டால் இவ்வுழைப்புக்கு முடிவே இல்லை. வெளிக்காற்று நுழையும் சந்துகளையும், கதவு ரப்பர்களையும், இஞ்சின் தடுப்புச் சுவரிலிருந்த துளைகளையும் அடைப்பதற்கே எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பட்டறையில் யாரும் பாராட்டாத வேலை. என் கணிப்பில் பாதிப் பலன் அதில்தான்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். வெளியே 38 டிகிரி. காற்று வரும் வாயில் 12. இஞ்சின் முள் நடுவைத் தாண்டவில்லை. ஆசிரியரின் மனைவி பின்னிருக்கையில் உறங்கிப்போனார்.

வண்டியைக் கொடுக்கும்போது மாமா ஆசிரியரிடம் இரண்டே செய்திகள் சொன்னார். அடியில் நீர் சொட்டும் சிறுகுழாய் அடைபட்டால் காலடி மிதியடி நனைந்து தரைத்தகடு துருப்பிடிக்கும். அதை அடிக்கடி பார்க்கவேண்டும். உப்புக்காற்று கன்டென்சரின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவவேண்டும்.