திறந்த கதவுகள்

மனிதரை உருவாக்கும் முதல் அமைப்பு குடும்பம். அன்பையும் மொழியையும் பழக்கவழக்கங்களையும் நாம் அங்கிருந்தே பெறுகிறோம். ஆயினும், சில வேளைகளில் அதே குடும்பம் ஒருவரின் வளர்ச்சிக்குத் தடையாகவும் அமைந்துவிடுகிறது. அத்தடையைக் கடப்பது எவ்வாறு? கடந்தபின் செய்யத்தக்கது யாது? பழனிமலைத் தொடரை அண்டிய திண்டுக்கல் மண்ணில் பணியாற்றிய இரு பெண்களின் வாழ்க்கை வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கட்டு என்னும் சொல்

தமிழில் ‘கட்டு’ என்னும் சொல்லுக்கு இருவகைப் பொருள் உண்டு. வீட்டைக் கட்டுகிறோம், கன்றையும் கட்டுகிறோம். முன்னது எழுப்புதல்; பின்னது பிணித்தல். குடும்பத்தின் இயல்பும் இத்தகையதே. ஒரு பிள்ளையின் வாழ்வை எழுப்பிக் கட்டுவதும் குடும்பந்தான். ‘நம் வீட்டில் இது வழக்கமில்லை’ என்று பிணித்துக் கட்டுவதும் குடும்பந்தான். பல நேரங்களில் ஒரே தாய் தந்தையரே இரண்டையும் செய்கின்றனர். எனவே, குடும்பத் தளையிலிருந்து விடுபடுதல் என்பதைக் குடும்பத்தை வெறுத்தல் என்று கொள்ளலாகாது. எழுப்பும் கட்டு எது, பிணிக்கும் கட்டு எது எனப் பகுத்தறிந்து, பின்னதை மட்டும் அவிழ்ப்பதே விடுதலையாகும்.

மலையடிவார மண்

கொடைக்கானலுக்குச் செல்லும் மலைப்பாதை வத்தலக்குண்டைக் கடந்து மேலேறுகிறது. வத்தலக்குண்டுக்கு அருகில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பட்டிவீரன்பட்டி. தாண்டிக்குடி முதலிய மலையூர்களில் விளையும் காப்பிக்கொட்டை பதப்படுத்தப்படும் ஊர் அது. கிழக்கே, சிறுமலையின் அடிவாரத்தில் நெசவுக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியும் அதனை அடுத்துக் காந்திகிராமமும் உள்ளன. இரு மலைகளுக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்புத்தான் நாம் காணவிருக்கும் இருவரையும் இணைத்த களம். ஒருவர் மதுரையின் செல்வக் குடும்பத்திலிருந்து இங்கு வந்தவர். மற்றவர் இம்மண்ணிலேயே நிலமற்ற குடும்பத்தில் பிறந்தவர்.

முதற்கதவு

டி.எஸ். சௌந்தரம் 1904ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் தந்தையார் மதுரையில் பேருந்துப் போக்குவரத்துத் தொழிலை நிறுவிப் புகழ்பெற்ற டி.வி. சுந்தரம் ஐயங்கார். அக்கால வழக்கப்படி சௌந்தரத்துக்குச் சிறுவயதிலேயே திருமணம் நடைபெற்றது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. மருத்துவராகிய அவர்தம் கணவர் இளமையிலேயே கொள்ளைநோய்க்கு இரையானார்.

இளம் வயதில் கணவரை இழந்த பெண்ணுக்கு அன்றைய சமூகம் வகுத்திருந்த வாழ்க்கை மிகக் குறுகியது. வண்ண ஆடை இல்லை. மங்கல நிகழ்வுகளில் இடமில்லை. வீட்டின் உட்கட்டே உலகம். செல்வம் இத்துயரைக் குறைத்துவிடுவதில்லை. செல்வக் குடும்பங்களில் மதிப்பு, மரியாதை என்னும் பெயரால் கட்டுப்பாடு மேலும் இறுகுவதும் உண்டு.

ஆயினும், சௌந்தரத்தின் பெற்றோர் மகளை மூலையில் அமர்த்திவிடவில்லை. அவர் கல்வியைத் தொடர்வதற்கு ஊக்கமளித்தனர். தில்லியில் பெண்களுக்கென நடைபெற்றுவந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்றார். 1936ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பள்ளிப் பருவத்தில் தடைப்பட்ட வாழ்வை நடுவயதை நெருங்கும்போது மீட்டெடுத்த அவர்தம் உறுதி எண்ணிப் பார்க்கத்தக்கது. முதற்கதவைத் திறக்கக் குடும்பமே துணைநின்றது என்பதும் மறக்கத்தக்கதன்று.

காத்திருந்த ஓராண்டு

தில்லியில் பயின்ற காலத்தில் சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பு சௌந்தரத்துக்குக் கிடைத்தது. காந்தியடிகளின் தொண்டராகிய ஜி. இராமச்சந்திரனையும் அவர் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். இராமச்சந்திரன் கேரளத்தைச் சேர்ந்தவர்; மொழியாலும் சாதியாலும் வேறுபட்டவர். சௌந்தரமோ கணவரை இழந்தவர். கல்விக்குக் கதவைத் திறந்த பெற்றோர் இத்திருமணத்திற்கு இசையவில்லை.

இருவரும் காந்தியடிகளின் கருத்தை நாடினர். ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் இருங்கள். அதன்பின்னும் இதே எண்ணம் நிலைத்திருக்குமாயின் மணம் செய்துகொள்ளுங்கள் என்பது அவர் கூறிய அறிவுரையின் சாரம். அவ்வாறே இருவரும் காத்திருந்தனர். எண்ணம் மாறவில்லை. 1940ஆம் ஆண்டு காந்தியடிகளின் வாழ்த்துடன் திருமணம் நடைபெற்றது.

இந்த ஓராண்டு நமக்கு உணர்த்துவது என்ன? ஒரு தடையை மீறுவதற்கு வேகம் போதும்; மீறியபின் வாழ்வதற்கோ தெளிவு வேண்டும். பிறர் வகுத்த வழியை மறுப்பவர், தாம் தேர்ந்த வழி தம்முடையதுதானா என்பதைத் தாமே சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். சினத்தால் எடுக்கும் முடிவு சினம் தணிந்ததும் தளர்ந்துவிடும். ஆராய்ந்து எடுத்த முடிவை எதிர்ப்பு எளிதில் அசைப்பதில்லை.

சௌந்தரம், தாம் பெற்ற விடுதலையைத் தம் இல்வாழ்வுக்குள் அடக்கிவிடவில்லை. 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கணவருடன் பங்கேற்றார். பின்னர்க் கஸ்தூரிபா காந்தி அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பை ஏற்றார். 1947ஆம் ஆண்டு இருவரும் இணைந்து காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், பெண்களுக்கான பயிற்சி எனப் பணிகள் விரிந்தன. அங்குத் தோன்றிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1952ஆம் ஆண்டு ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும், 1962ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்ற சௌந்தரம், நடுவண் அரசின் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

கைப்பிடித்து வந்தவர்

பட்டிவீரன்பட்டிப் பகுதியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நிலமற்ற குடும்பமொன்றில் 1926ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ணம்மாள். நிறைகருவுற்ற நிலையிலும் வயலில் குனிந்து உழைத்த தம் தாய் நாகம்மாளைக் கண்டதே சமூகக் கொடுமையை அவர் உணர்ந்த முதல் தருணம். தந்தையை இளமையிலேயே இழந்தார்.

சௌந்தரத்தைப் பிணித்தது குடும்பப் பெருமை என்றால், கிருஷ்ணம்மாள் போன்றோரைப் பிணித்தது வறுமை. கூலி வேலை செய்யும் வீட்டில் ஒரு பெண் பிள்ளை படிக்கச் சென்றால், உழைக்கும் கைகளில் இரண்டு குறைகின்றன. ஆகவே அங்குக் கல்விக்குத் தடையாக நிற்பது பெற்றோரின் கொடுமையன்று. அடுத்த வேளை உணவைப் பற்றிய அச்சம். அச்சத்தை அறிவுரையால் மட்டும் அகற்ற இயலாது. தங்க இடமும் உண்ண உணவும் படிக்க வழியும் வேண்டும். மதுரையில் சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் அவை கிருஷ்ணம்மாளுக்குக் கிடைத்தன. தம் தலைமுறையில் அவர் பிறந்த சமூகத்துப் பெண்கள் எண்ணியும் பாராத பட்டப்படிப்பை அவர் முடித்தார்.

தம் வாழ்க்கைத் துணையையும் அவரே தேர்ந்தார். சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தவர். 1930ஆம் ஆண்டு காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்து, வீட்டார் எதிர்பார்த்த வழியிலிருந்து விலகியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் செய்துகொள்வது என இருவரும் உறுதி பூண்டிருந்தனர். 1950ஆம் ஆண்டு அவர்களின் சாதி மறுப்புத் திருமணம் நடைபெற்றது.

வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் இருவரும் ஊர் ஊராக நடந்தனர். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீக்கு இரையாக்கப்பட்ட கொடுமை, அவர்களைக் கீழத்தஞ்சைக்கு இழுத்துச் சென்றது. 1981ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய ‘லாஃப்டி’ என்னும் உழவனின் நில உரிமை இயக்கம், நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்குப் பெற்று, நிலமற்ற குடும்பங்களுக்கு வழங்கியது. ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் இவ்வாறு கைமாறியது. நிலம் பெண்களின் பெயரில் பதிவுசெய்யப்பட்டது என்பதே இதில் கருதத்தக்கது. தன் பெயரில் ஓர் ஏக்கர் நிலம் உள்ள தாய், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவேண்டிய கட்டாயத்திற்கு எளிதில் ஆளாவதில்லை. வயலில் குனிந்து நின்ற நாகம்மாளின் மகள் கண்ட தீர்வு இது. இத்தொண்டிற்காக இருவருக்கும் 2008ஆம் ஆண்டு ‘வாழ்வுரிமை விருது’ வழங்கப்பெற்றது. 2020ஆம் ஆண்டு கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

1856 – கணவரை இழந்த இந்துப் பெண்களின் மறுமணத்தை ஏற்கும் சட்டம்
1929 – குழந்தை மணத் தடைச் சட்டம் (பெண்ணின் குறைந்த அளவு வயது 14)
1949 – சாதி கடந்த இந்துத் திருமணங்கள் செல்லும் எனக் கூறும் சட்டம்
1954 – சாதி, சமயம் கடந்து மணம் புரிவோருக்கான சிறப்புத் திருமணச் சட்டம்
1989 – பூர்விகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு அளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம்
2006 – குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் (பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21)

சட்டமும் சமூகமும்

கணவரை இழந்த பெண் மறுமணம் செய்துகொள்ள 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் இடமளித்தது. சௌந்தரத்தின் மறுமணமோ 1940ஆம் ஆண்டு நடந்தது. இடைப்பட்டவை எண்பத்து நான்கு ஆண்டுகள். அதன்பின்னும் அத்திருமணம் எதிர்ப்பைச் சந்தித்தது. சட்டம் உரிமையை வழங்கும். அவ்வுரிமையைப் பயன்படுத்துவோருக்குத் துணைநிற்கும் மனிதர்களைச் சமூகமே வழங்குதல் வேண்டும்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றும் இதனை உணர்த்துகிறது. மணிப்பூரைச் சேர்ந்த இரோம் சர்மிளா, ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் அளிக்கும் சட்டத்தை நீக்கக் கோரி 2000 முதல் 2016 வரை உண்ணாநோன்பு மேற்கொண்டவர். அவர் நோன்பை முடித்துக்கொண்டு இல்வாழ்வில் ஈடுபட விரும்பியபோது, அவரைப் போற்றியவர்களிலேயே பலர் மனம் வருந்தினர். போராட்டத்தின் அடையாளமாகவே அவர் என்றும் இருத்தல் வேண்டும் என அவர்கள் எதிர்பார்த்தனர். பின்னர் அவர் கொடைக்கானலுக்கு வந்து தங்கினார். அங்கும் அவர்தம் திருமணத்துக்கு எதிராக மனுக்கள் அளிக்கப்பட்டன. சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் காலம் கடந்தபின், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் டெஸ்மண்ட் கொடின்கோவை அவர் மணந்தார். எதிர்பார்ப்பு என்னும் கட்டு குடும்பத்தால் மட்டும் இடப்படுவதன்று. போற்றுவோரும் அதை இடுவர் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நம் வாழ்வில்

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் நமக்கு இச்செய்திகள் தொலைவானவை அல்ல. எந்தப் பாடம் படிப்பது, எவ்வளவு காலம் படிப்பது, எப்போது மணம் செய்துகொள்வது என்னும் வினாக்கள் நம் வீடுகளிலும் எழுகின்றன. பெற்றோரின் விருப்பம் ஒன்றாகவும் நம் விருப்பம் வேறாகவும் இருக்கலாம். அவ்வேளையில் முதலில் செய்யவேண்டியது பேசுதல். மறுப்புக்குப் பின்னால் இருப்பது பழக்கமா, பொருளியல் அச்சமா, பிறர் என்ன சொல்வார்களோ என்னும் தயக்கமா என்பதை அறிந்தால், அதற்கேற்ற விடையைத் தேட இயலும். தயக்கத்தை உரையாடல் தணிக்கும். பொருளியல் அச்சத்திற்குக் கல்வி உதவித்தொகையும் அரசு விடுதியும் வழிகாட்டக்கூடும். இளவயதுத் திருமணம் போன்று சட்டத்துக்குப் புறம்பான வற்புறுத்தல் நேருமானால், ஆசிரியரையோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையோ தயங்காது நாடுதல் வேண்டும். உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்காகாது.

இன்னொன்றும் உண்டு. சௌந்தரத்துக்குப் பெற்றோர் ஒரு கதவைத் திறந்தனர். கிருஷ்ணம்மாளுக்குச் சௌந்தரம் திறந்தார். பெயர் அறியாப் பல்லாயிரம் பெண்களுக்குக் கிருஷ்ணம்மாள் திறந்தார். நம் வகுப்பில் திடீரென வராமல் நின்றுவிடும் தோழியோ தோழனோ உண்டெனில், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது இன்று நம் கையில் இருக்கிறது.

மதிப்பீடு

குறுவினா
1. ‘கட்டு’ என்னும் சொல்லின் இருவகைப் பொருள்களைக் கட்டுரை எவ்வாறு குடும்பத்தோடு பொருத்துகிறது?
2. லாஃப்டி வழங்கிய நிலம் பெண்களின் பெயரில் பதிவுசெய்யப்பட்டதன் சிறப்பு யாது?

சிறுவினா
3. சௌந்தரம், கிருஷ்ணம்மாள் ஆகிய இருவரையும் தடுத்த தடைகளின் வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா
4. ‘சட்டம் உரிமையை வழங்கும், துணைநிற்கும் மனிதர்களைச் சமூகமே வழங்குதல் வேண்டும்’ – பாடப்பகுதிச் செய்திகளையும் உம் ஊரில் நீவிர் கண்டவற்றையும் கொண்டு கட்டுரை வரைக.