கட்டணமில்லாப் படிப்பின் விலை

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் இப்போது இந்தியர்களுக்குத்தான். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் எண்ணிக்கை சுமார் 49,000. பெரும்பாலோர் முதுநிலை மாணவர்கள். அதிலும் பொறியியல் படிப்பவர்களே அதிகம். ஈர்ப்பது எது என்று எல்லோருக்கும் தெரியும்: அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. இடையில் சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வசூலித்துப் பார்த்தன. எதிர்ப்பு வலுக்கவே ஒவ்வொன்றாகக் கைவிட்டு, 2014-ல் கடைசி மாநிலமும் அதை ரத்து செய்தது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அத்தகைய மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கிறது. மற்றபடி, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஏஜென்சிகளின் விளம்பரத்திலும் வீட்டில் போடும் கணக்கிலும் இந்தத் தொகைகள் எல்லாம் தவறாமல் வருகின்றன. வராத செலவு ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் அந்த நாடு முதல் நாளிலேயே மாணவர் கையில் கொடுத்துவிடுகிறது. அங்கே தடுமாறும் பல மாணவர்களுக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை. இந்தப் பொறுப்புக்கு அவர்களை யாரும் பழக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

அங்கே படிப்பு நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஜெர்மனியில் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, ஒரு செமஸ்டருக்கு 750 முதல் 900 மணி நேரம். இதில் வகுப்பறையில் கழிவது சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் மாணவர் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரம். விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. இன்டர்னல் மார்க் இல்லாத பாடங்கள் ஏராளம். செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. இதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. 1810-ல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு வடிவம் கொடுத்த வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் காலத்திலிருந்தே, ஆசிரியருக்குக் கற்பிக்கும் சுதந்திரமும் மாணவருக்குக் கற்கும் சுதந்திரமும் உண்டு என்பது அந்நாட்டு உயர்கல்வியின் அடிப்படைக் கொள்கை. வயது வந்த ஒருவரை வகுப்புக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவது அவர்கள் பார்வையில் மரியாதைக் குறைவு.

அந்தச் சுதந்திரம் எவ்வளவு கறாரானது என்பது தேர்வு நேரத்தில் தெரியும். பாடத்தில் சேர்ந்துவிட்டதாலேயே தேர்வு எழுதிவிட முடியாது. பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு தேர்வுக்கும் குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் ஆன்லைனில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நாள் தவறினால் அந்தத் தேர்வு அவ்வளவுதான். யாரும் கூப்பிட்டு நினைவூட்ட மாட்டார்கள். தோற்றால் பெரும்பாலான இடங்களில் மேலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் பொதுவாக வழியில்லை. ஆனால் இதே முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. முடிவு வந்ததும், திருத்திய விடைத்தாளை மாணவர் நேரில் பார்ப்பதற்கென்று ஒரு நாள் குறிக்கப்படுகிறது. விடைத்தாளைப் புரட்டி, இந்தக் கேள்விக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று திருத்தியவரிடமே கேட்கலாம். நியாயம் இருந்தால் மதிப்பெண் கூடும். அந்த நாளில் போகாதவருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததுபோல்தான்.

நம் கல்லூரிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். இன்டர்னல் தேர்வுகள் மாதந்தோறும் துரத்தும். மதிப்பெண் குறைந்தால் பெற்றோருக்குத் தகவல் போகும். தோற்ற பாடம் அரியராக நிற்கும். அடுத்த செமஸ்டர், அதற்கடுத்த செமஸ்டர் என்று ஆண்டுக்கணக்கில் எழுதலாம். இந்த முறையை ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் லட்சக்கணக்கானோரைக் கரை சேர்த்தது இந்தக் கண்காணிப்புதான். ஆனால் அதற்கு ஒரு விளைவும் உண்டு. எப்போது படிப்பது, எதை முதலில் முடிப்பது, புரியாததை யாரிடம் கேட்பது என்ற முடிவுகளை எல்லாம் மாணவருக்காக வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு வயதுவரை அப்படியே வளர்ந்த ஒருவர், விசா தாமதத்தால் நவம்பரில் போய் இறங்குகிறார், வகுப்புகளோ அக்டோபர் நடுவிலேயே தொடங்கிவிட்டன, தேர்வு பிப்ரவரியில். வருகைப் பதிவு இல்லாததால் அவசரமும் தெரிவதில்லை. முதல் செமஸ்டரில் விழும் அடிக்கு இதுவே பெரும்பாலும் வழி.

வகுப்பறைக்கு வெளியிலும் இதே கதைதான். ஒரு தபால் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் கடிதம் வருவது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான்; குடியிருப்புக்குள் வீட்டு எண் இருந்தால் போதாது. புது வீட்டுக்கு வந்த மாணவர் தன் பெயரை அங்கே ஒட்டாவிட்டால், வங்கி அட்டையும் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அறிவிப்பும் வந்த வழியே திரும்பிப் போகும். வந்து சேர்ந்தாலும் அவை ஜெர்மன் மொழியில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கெடு இருக்கும். அரசு முடிவு ஒன்றை எதிர்த்து முறையிடப் பொதுவாக ஒரு மாத அவகாசம்தான். பிரிக்காமல் மேசையில் கிடக்கும் ஓர் உறை, குடியிருப்பு அனுமதியையே சிக்கலாக்கிவிடலாம். படிப்பில் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த அனுமதியையும் நீட்டிக்கிறார்கள்.

பழக்கமின்மைதான் சிக்கல் என்ற இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது, பிரச்சினை பணம்தான், பழக்கம் இல்லை என்பது. இதில் உண்மை இருக்கிறது. விசா பெற பிளாக்டு அக்கவுண்ட் எனும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். கல்விக்கடன் வாங்கி அந்தப் பணத்தைப் போட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்குப் போயே தீர வேண்டும். 2025-ல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. 992 யூரோவை முழுக்க உழைத்தே ஈட்ட நினைத்தால் மாதம் 77 மணி நேரம், அதாவது வாரம் 18 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதனுடன் 30 கிரெடிட்டுக்கான உழைப்பையும் சேர்த்தால் வாரம் ஐம்பது மணி நேரத்தைத் தாண்டுகிறது. கடினம்தான், ஆனால் முடியாத கணக்கு அல்ல. கிடங்கில் இரவு ஷிஃப்ட் எடுப்பதா, சம்பளம் அதே அளவில் இருந்தாலும் பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளர் வேலை தேடுவதா, தேர்வு மாதத்தில் ஷிஃப்டைக் குறைப்பதா என்ற முடிவுகளில்தான் ஒரு செமஸ்டர் தப்புகிறது அல்லது கவிழ்கிறது. பண நெருக்கடி பொறுப்பின் தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது: சுதந்திரம் என்ற பெயரில் மாணவரைக் கைவிடும் ஏற்பாடு இது என்பது. ஜெர்மன் மாணவர்களிலேயே இளநிலைப் படிப்பைப் பாதியில் விடுவோர் நான்கில் ஒருவருக்கு மேல். வெளிநாட்டு மாணவர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே இந்த முறை பலரை இழக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவரை வரவேற்கும் நாடு அவர்களுக்கு இன்னும் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஆனால் உதவியே இல்லை என்பது சரியன்று. பேராசிரியர்களுக்கு வாரந்தோறும் மாணவரைச் சந்திக்கும் நேரம் உண்டு. துறைதோறும் மாணவர் மன்றம் இருக்கிறது. பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களும் புதியவர்களுக்கு முதல் வாரத்தில் வழிகாட்டுபவர்களும் பல இடங்களில் அவர்கள்தான். மாணவர் நலச் சங்கங்கள் விடுதியும் உணவகமும் நடத்துவதோடு உளவியல் ஆலோசனையும் தருகின்றன. எல்லாமே கேட்பவருக்குக் கிடைப்பவை. கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்ற கூச்சத்தோடு வளர்ந்தவருக்கு இந்த ஒரு படி மலையாகத் தெரிகிறது. அதனால்தான் பலர் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே ஆறுதல் கிடைக்கும், ஆனால் தேர்வு விதி பற்றி உறுதியான பதில் தேர்வு அலுவலகத்தில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் அங்கே நன்றாகத்தானே படித்து வேலைக்கும் போயிருக்கிறார்கள் என்பது. உண்மை, அது பெருமைக்குரியது. ஆனால் அந்த வெற்றி சொல்வதும் இதையேதான்: கற்றுக்கொள்ளக் கூடிய பழக்கம் இது, பிறவிக் குணம் ஒன்றும் இல்லை. ஜெர்மன் மொழி அதற்கு நல்ல சான்று. பல முதுநிலைப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் மொழி வேண்டாம் என்று நினைப்பவர் உண்டு. மொழி படிக்கச் சொல்லி எந்தப் பேராசிரியரும் கட்டாயப்படுத்துவதில்லை. பட்டம் முடிந்து வேலை தேடக் கிடைக்கும் பதினெட்டு மாதங்களில்தான், பல நிறுவனங்கள் ஜெர்மன் கேட்பது தெரிய வருகிறது. முதல் ஆண்டிலேயே மாலை வகுப்பில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் அப்போது வாய்ப்புகள் வேறாகிவிடுகின்றன.

ஆகவே தயாரிப்பை மாற்ற வேண்டிய இடம் நம் வீடுகளும் கல்லூரிகளும்தான். வெளிநாடு போக நினைக்கும் மாணவருக்கு இறுதியாண்டிலாவது, யாரும் வருகைப் பதிவு எடுக்காத, தானே திட்டமிட்டு முடிக்க வேண்டிய ஒரு முழுப் பாடத்தைக் கல்லூரிகள் கொடுக்கலாம். விண்ணப்பங்களை ஏஜென்சி நிரப்புவதற்குப் பதில் மாணவரே நிரப்பட்டும். தவறினால் திருத்திக்கொள்ள இங்கே அவகாசம் இருக்கிறது. சேரப் போகும் படிப்பின் தேர்வு விதிகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. விமான டிக்கெட் எடுக்கும் முன் அவற்றைப் படித்துவிட வேண்டும். ஜெர்மன் மொழியின் முதல் இரண்டு நிலைகளை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம். கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பணம் அனுப்புவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முடிவெடுக்கும் உரிமையையும், முடிவு தவறும்போது அதைத் திறந்து சொல்லும் துணிவையும் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். கட்டணம் வாங்காத பல்கலைக்கழகம் மாணவரிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். இதை ஊரிலேயே பழகிக்கொண்டு போகிறவர் முதல் செமஸ்டரைப் பாடம் படிக்கச் செலவிடுவார்; பழகாமல் போகிறவர் தன்னை நடத்திக்கொள்ளப் பழகுவதற்கே அதைச் செலவிட்டுவிடுவார்.